கேல் ஊர் வழக்கம்

"எனக்குப் பிறகு இவனுக்கு யார்?" புத்தி வளராத பிள்ளையைப் பெற்றவளின் ஓயாத கவலை இது. பெல்ஜியத்தில் கேல் என்னும் ஊர் இதற்கு வெகுகாலம் முன்பே விடை கண்டது.

பித்துப் பிடித்த தந்தைக்குத் தப்பி ஓடிவந்த அயர்லாந்து இளவரசி டிம்ப்னா, அங்கே அவன் கையாலேயே மாண்டாள் என்பது கர்ணபரம்பரைக் கதை. அவள் பெயரில் எழுந்த தேவாலயத்துக்குச் சித்தம் பேதலித்தவர்களையும் புத்தி வளராதவர்களையும் அழைத்து வந்தார்கள். இடம் போதவில்லை, ஊரார் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாம் தர்ம சிந்தனை என்று எண்ணிவிடாதீர்கள். பணமும் கிடைத்தது, வயலுக்கு ஆளும் கிடைத்தது!

1850-க்குப் பின் சர்க்கார் மேற்பார்வை வந்தது. தாதிகள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள், முற்றினால் ஆஸ்பத்திரி. 1938-இல் இப்படி 3,736 பேர். இப்போது மிகவும் குறைவு. ஆனால், வளர்த்தவள் கண்ணை மூடினால் அவள் மகள் அந்த நரைத்த 'பிள்ளை'யை ஏற்றுக்கொள்வது அங்கே புதிதல்ல.