திங்க்பேட்: பழுது கண்டறிதல்

திங்க்பேட், அலுவலகப் பயன்பாட்டுக்கென ஐபிஎம் 1992இல் அறிமுகப்படுத்திய மடிக்கணினி வரிசை. 2005 முதல் லெனோவா இதைத் தயாரித்துவருகிறது. பழுது பார்ப்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியது, கோளாறு வன்பொருளிலா மென்பொருளிலா என்பதை. கணினியைப் போட்டதும் எஃப்1 விசையை அழுத்தி, விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் பயாஸ் திரைக்குள் போனாலே பாதி விடை கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, திரை மினுக்கும் கணினி அங்கேயும் மினுக்கினால் விண்டோஸையோ டிரைவரையோ குறைசொல்லிப் பயனில்லை. திரையையும் அதன் கேபிளையும்தான் பார்க்க வேண்டும்.

சுவிட்சை அழுத்தியும் அசைவே இல்லையென்றால் உடனே சர்வீஸுக்கு அனுப்ப வேண்டாம். பேட்டரி உள்ளேயே பதிக்கப்பட்ட பல மாடல்களின் அடிப்பக்கத்தில் ஊசித்துளை அளவில் அவசர ரீசெட் துளை உண்டு. சார்ஜரைக் கழற்றி, நிமிர்த்திய ஜெம் கிளிப்பை அதனுள் மெல்ல அழுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, சார்ஜரைச் செருகி மீண்டும் போட்டுப் பார்க்கலாம்.

ஏமாற்றும் பழுதுகளும் உண்டு. 2017 முதல் 2019 வரை வந்த சில மாடல்களில் யுஎஸ்பி-சி போர்ட் சார்ஜ் ஏற்காமல் போவது போர்ட் உடைந்தது போலவே தோன்றும். காரணம், அந்தப் போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர். லெனோவா இதற்கு அப்டேட் வெளியிட்டது. இம்மாடல்களை வைத்திருப்போர் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பழுது முற்றிவிட்டால் மதர்போர்டையே மாற்ற நேரிடலாம்.

விசைப்பலகை நடுவிலுள்ள சிவப்பு டிராக்பாயின்ட், தொடாமலே சுட்டியை நகர்த்துவது பழுதன்று. சில நொடி அதைத் தொடாமல் விட்டால் சுட்டி தானே நின்றுவிடும்.