அரியணை இழந்தவரின் திருமுழுக்கு

பழமையான பங்குகளில் ஆலய வரலாற்றைக் கேட்கும்போது, 'அன்றைய அரசர் ஆதரித்தார்' என்று பெருமையோடு சொல்லக் கேட்கிறோம். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கும் அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் அது தொடங்குகிறது.

தத்துவ போதகர் எனப் போற்றப்படும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606இல் மதுரைக்கு வந்தவர். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைப் புதுக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 1623 சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு இசைவளித்தார். அதே ஆண்டில் அடிகளார் துறவியின் கோலத்தில் மதுரையை விட்டு வடக்கே நடந்தார்.

அப்போது சேந்தமங்கலத்தை ஆண்டவர் இராமச்சந்திர நாயக்கர். மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட குறுநில மன்னர். அவர் அடிகளாரை அன்போடு வரவேற்றார். ஆனால் அடுத்துச் சென்ற சேலத்தில் தங்க இடம் தருவார் இல்லை. அடிகளார் திறந்த சத்திரம் ஒன்றில் ஒதுங்கி, நோயுற்றுக் கிடந்தார்.

அந்தச் சேலத்தில்தான் திருமங்கல நாயக்கரை அவர் சந்தித்தார். அவர் இராமச்சந்திர நாயக்கரின் தமையனார். மூத்தவராகிய அவருக்கு உரிய ஆட்சி தம்பியின் கைக்குப் போய்விட்டது. நாடிழந்து அயலூரில் வாழ்ந்துவந்தார். 1625இல் அவர் திருமுழுக்குப் பெற்றார். அரண்மனையில் உபசரித்த மன்னர் மனம் திரும்பியதாக வரலாறு இல்லை. அரண்மனையை இழந்தவரே ஆண்டவரைக் கண்டடைந்தார்.

இதை நாம் சிந்திக்க வேண்டும். அரசரின் தயவு வழியைத் திறந்தது. விசுவாசம் வேரூன்றியது இழப்பை அறிந்த உள்ளத்தில். ஆயினும் இவ்வரலாற்றில் நம்மை உறுத்தும் பக்கமும் உண்டு. உயர்குலத்தாரை நாடிய துறவி, ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக இயலாதிருந்தார். அக்குறையைப் போக்க, 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்னும் குருக்கள் எல்லாக் குலத்தாரிடையேயும் பணிபுரியத் தொடங்கினர். மதுரை மிஷன் வளர்ந்ததில் அவர்களது பங்கு பெரிது.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. பின்னர் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் இப்பகுதியில் பணியைத் தொடர்ந்தனர். 1930இல் சேலம் மறைமாவட்டம் உதயமாயிற்று. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் நாயக்கர், மைசூர் அரசர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. பஞ்சத்திலும் போரிலும் செபமாலையைக் கைவிடாதவர்கள் பெயர் தெரியாத உழவரும் கூலியாட்களுமே.

ஆகவே நம் ஆலய வரலாற்றை எழுதும்போது அரசர் பெயரை முதல் வரியில் எழுதுவதில் தவறில்லை. ஆனால் அடுத்த வரியில், நாடிழந்த திருமங்கல நாயக்கரையும், கல்வெட்டில் இடம்பெறாத நம் பாட்டன் பாட்டியரையும் எழுதுவோம். சத்திரத்தில் இடமின்றிப் பிறந்தவரை ஆராதிக்கும் நமக்கு அதுவே பொருத்தமான அரச பரம்பரை.