சோக்கு களைந்து பிரைமர் நிறுவும் நூற்பாவும் உரையும்

மூலம்

சோக்கின் தகட்டை அச்சொடுங் களைந்து
அச்சுறை துளையைக் காற்றற அடைத்து
வடிகட் டிக்குப் பின்கிளை வாங்கிக்
குமிழிருந் துழியே பிரைமரை நிறுவித்
தொண்டையின் நடுவே துளியுறத் தெளிக்க
குளிர்ந்தபோ தன்றித் தொடற்க
மிகுமேல் எஞ்சின் மூழ்குதல் திண்ணமே.

கருத்துரை

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஜெட் ஸ்கீயின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சோக்கை அகற்றிக் கையால் இயக்கும் எரிபொருள் பிரைமரை அமைக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. 1982இல் வந்த கவாசாகி ஜே.எஸ். 550 போலும் நின்றோட்டும் வண்டியை மனத்துட்கொண்டு பயில்வார்க்கு இஃது எளிதின் விளங்கும்.

இவ்வகை வண்டிகளிற் பயின்ற மிக்குனி கார்புரேட்டர், மிதவையின்றிச் சவ்வினால் இயங்குவது. தொட்டியினின்று பெட்ரோலை இழுக்கும் பம்பை அசைப்பது கிராங்க் அறையின் துடிப்பு. எஞ்சின் சுழன்றாலன்றித் துடிப்பில்லை. துடிப்பின்றேல் பெட்ரோல் வாராது. ஆகலின், பலநாள் கிடந்து குழாய் வறண்ட வண்டியில் சோக்கை மூடி நெடிது சுற்ற வேண்டும். பேட்டரி இளைக்கும், ஸ்டார்ட்டர் மோட்டார் சுடும். பிரைமரோ சுழற்சிக்கு முன்னரே பெட்ரோலைத் தொண்டையிற் சேர்ப்பது. இப்பயன் நோக்கியே ஆசிரியர் இம்மாற்றம் கூறினார்.

1. சோக்கின் தகட்டை அச்சொடுங் களைந்து

சோக்கின் தகடு - கார்புரேட்டரின் வாயில் நின்று காற்றை மறிக்கும் வட்டத் தகடு. அச்சு - அதனைத் தாங்கித் திருப்பும் தண்டு. களைந்து - அறவே நீக்கி.

'அச்சொடும்' என்ற உம்மை எச்சவும்மை. தகட்டை மட்டும் கழற்றி அச்சை விடுதல் அமையாது என்பது பட நின்றது. என்னை? தகடு முற்றத் திறந்தபோதும் அதன் விளிம்பும் அச்சும் காற்றின் வழியிற் குறுக்கே கிடப்பன. இரண்டும் போனால்தான் தொண்டை முழுதும் காற்றுக்கு ஆகும்.

இனி, தகட்டை அச்சொடு பிணிக்கும் சிறு திருகுகள் அதிர்ச்சியால் தளர்ந்து எஞ்சினுள் விழுதலும் உண்டு. களைதலால் அவ்வச்சமும் ஒழியும். அத்திருகுகளின் நுனி நசுக்கப்பட்டிருக்கும். அதனை அரத்தால் அராவிய பின்னரே திருப்புக; அங்ஙனமன்றித் திருப்பின் தலை சிதையும். அராவுந் துகள் உள்ளே வீழாமைப் பொருட்டு, கார்புரேட்டரை வண்டியினின்று இறக்கி வைத்தே இதனைச் செய்க.

2. அச்சுறை துளையைக் காற்றற அடைத்து

அச்சுறை துளை - அச்சு இருந்த துளை. துளை என்பது பால்பகா அஃறிணைப் பெயராய் ஈண்டு இரண்டனையும் குறித்தது, அச்சு தொண்டையை ஊடுருவி இருபுறமும் தோன்றி நிற்றலின். காற்றற - காற்றுச் சிறிதும் ஊடாடாதபடி.

காற்றுப் புகுதற்கே அமைந்த தொண்டையில் இச்சிறு துளையாற் புகுங் காற்று என் செய்யும் எனின், இத்துளை ஃபிளேம் அரெஸ்டர் என்னும் சுடர்த்தடைக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ளது. எஞ்சின் பின்வெடித்துத் தீயை உமிழுங்கால் அத்தீயைத் தடுப்பது அத்தடை. துளை திறந்திருப்பின், தீ தடையைக் கடவாமலே பெட்ரோல் ஆவி தங்கும் வண்டியின் வயிற்றுட் செல்லும். நீர்த்திவலை உட்புகுதலும் கொள்க. ஆகலின் 'அடைத்து' என்றொழியாது 'காற்றற' என்றும் விதந்தோதினார்.

துளையில் மரை வெட்டித் திருகிட்டு, பெட்ரோலுக்குக் கரையாத பசையால் இறுக்குதல் முறை.

3. வடிகட்டிக்குப் பின்கிளை வாங்கி

பின் - பெட்ரோல் செல்லும் முறையால் வடிகட்டிக்கு அப்பால். கிளை - டீ இணைப்பால் பிரியும் சிறு குழாய். வாங்கி - பெற்று.

'பின்' என்றதனால், தொட்டியின் தூசு பிரைமரின் நுண்ணிய வாயை அடையாமை பெற்றாம்.

இணைப்பைக் கிளாம்ப் இட்டு இறுக்குக என்பது சொல்லாமலே அமையும். அஃது இளகினால், கார்புரேட்டரின் பம்பு பெட்ரோலோடு காற்றையும் இழுக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலிற் கலந்து வருவதாயின், பெட்ரோல் குறைய எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பற்றும். முன்னைத் துளை தீக்கு வழி. இவ்விணைப்பின் இளக்கம் பிஸ்டனுக்குக் கேடு. இரண்டும் காக்கத்தக்கன.

4. குமிழிருந்துழியே பிரைமரை நிறுவி

குமிழ் - சோக்கை இழுக்கும் கைப்பிடி. உழி - இடம். 'இருந்துழியே' என்ற ஏகாரம் பிரிநிலை. பிறிதோரிடத்துப் புதுத்துளை இடற்க என்றவாறு. புதுத்துளை ஒவ்வொன்றும் நீர் புகும் வாயில் ஆகலானும், ஓட்டுவோன் கை பழகிய இடம் அதுவே ஆகலானும் இங்ஙனம் கூறினார். பழந்துளை சிறிதாயின் வேண்டுமளவே பெருக்கிக்கொள்க.

5. தொண்டையின் நடுவே துளியுறத் தெளிக்க

தொண்டை - கார்புரேட்டரின் காற்றுவழி. துளியுற - நுண்துளியாகும்படி. சுவரில் வழிந்தோடும் பெட்ரோல் காற்றோடு கலவாது. நடுவே துளியாய் வீழ்வதே கலக்கும். அச்சுறை துளை இரண்டனுள் ஒன்றில் பிரைமரின் பெட்ரோல் தெளிக்கும் நாசியையே திருகி, மற்றையதை அடைத்தலும் மரபு. கார்புரேட்டர் இரண்டாயின் குழாயை மீளக் கிளைத்து, இரு கிளையும் ஒத்த நீளமாக்குக; ஒன்று மிக்கு ஒன்று குறையாமைப் பொருட்டு.

எஞ்சின் ஓடுங்கால் தொண்டையின் உறிஞ்சலால் பிரைமர் வழியும் பெட்ரோல் வாராதோ எனின், வாராது. பிரைமரின் உள்ளிருக்கும் வால்வு தடுக்கும். அவ்வால்வு தேய்ந்தவழி வரும். ஆகலின் காரணமின்றிப் புகை மிகுந்து எஞ்சின் திணறுமாயின் முதற்கண் வால்வை ஆராய்க.

6. குளிர்ந்தபோதன்றித் தொடற்க

தொடற்க - எதிர்மறை வியங்கோள். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் ஆவியாதல் குறைவு. அதனாற் கூடுதல் வேண்டும். சூடேறிய எஞ்சினுக்கு அது வேண்டா. குளிர்ந்த காலையில் இரண்டு மூன்று இழுப்பு அமையும். நெடுநாட் கிடந்ததாயின் குழாய் நிறைதற்கு முதலிற் சில இழுப்பு வெறிதே கழியும். அவற்றைக் கணக்கிற் கொள்ளற்க. கண்ணாடிபோலும் தெளிந்த குழாய் இடின் பெட்ரோல் வந்து சேர்தல் கண்ணுக்குப் புலனாம்.

7. மிகுமேல் எஞ்சின் மூழ்குதல் திண்ணமே

மூழ்குதல் - பெட்ரோல் மிக்குப் பிளக் நனைந்து பற்றாமை. ஏகாரம் தேற்றம். மூழ்கியவழிச் செய்வது: வண்டியின் மூடியைத் திறந்து ஆவி நீங்கவிடுக, பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் கம்பிகளை எர்த் செய்க, பொறி பறவாமைப் பொருட்டு, பின் த்ராட்டிலை முழுதும் திறந்து சுற்றி வெளியேற்றுக.

களைந்து, அடைத்து, வாங்கி, நிறுவித் தெளிக்க என வினைமுடிக்க. நான்கு எச்சமும் ஒரு முற்றைக் கொண்டு முடிதலின், முன்னைய நான்கும் குறைவற நிறைந்தாலன்றித் தெளித்தற்கு உரிமையின்று என்பது போதரும். நான்கனுள் ஒன்று நெகிழினும் பிரைமரைத் தொடாது, நெகிழ்ந்த அதனையே முதற்கண் செவ்விதாக்குக என்பது இந்நூற்பாவின் துணிபு.