கல்வித் தெரிவும் உத்தியோக வாய்ப்பும்

ஒருவன் எய்தும் தொழிலை அவன் பெற்ற பட்டமே தீர்மானிக்கின்றது என்பர் பலர். இலங்கையின் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, பட்டத்திற்கு நெடுங்காலம் முன்னரே, அவன் பயின்ற பாடசாலை அதனைத் தீர்மானித்துவிடுதல் புலனாகும். மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்ற நாட்டுப்புறப் பிரதேசங்களை மனத்திற்கொண்டு இதனை ஆராய்வோம்.

ஆங்கிலேயர் ஆட்சியிற் கல்வி இருவகைப்பட்டது. கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் நகரங்களில் அமைந்தன. கிராமங்களுக்கு எஞ்சியவை கட்டணமில்லாச் சுயமொழிப் பாடசாலைகளே. எழுதுவினைஞர் பதவி முதலாய அரசாங்க உத்தியோகங்கள் ஆங்கிலம் கற்றோர்க்கே உரியனவாயின. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அங்கு பயின்றோர் 904 பேரே.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் அறிக்கை வெளியிட்டது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய பாடசாலைகளும் புலமைப்பரிசில்களும் கிராமப் பிள்ளைகளுக்கு வழிதிறந்தன. எனினும், கலைப்பாடங்களைக் கற்பிக்க ஆசிரியரும் கரும்பலகையும் போதும். விஞ்ஞானத்திற்கோ ஆய்வுகூடம் வேண்டும். ஆதலின் கிராம மாணவர் பெரும்பாலும் கலைத்துறையையே நாடினர். அதனைத் தெரிவு என்பதிலும் நிர்ப்பந்தம் என்பதே பொருந்தும்.

1959இல் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. 1960 முதல் கலைத்துறை மாணவர் சுயமொழியிற் பயிலும் வாய்ப்பும் கிட்டியது. பட்டதாரிகள் பெருகினர், பதவிகள் அவ்வளவிற் பெருகவில்லை. தனியார் வர்த்தக நிலையங்களோ ஆங்கிலத்தையே தொடர்ந்து வேண்டின. 1971 ஏப்ரலில் வெடித்த இளைஞர் கிளர்ச்சிக்கு இவ்வேமாற்றமும் ஒரு காரணமாயிற்று. கல்வி வளர்த்த எதிர்பார்ப்பும் நாட்டிலிருந்த தொழிலும் பொருந்தாமையை, டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு அவ்வாண்டிலேயே எடுத்துரைத்தது.

மலையகத் தோட்டப் பிள்ளைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புடன் நின்றன. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கும்வரை, இலவசக் கல்வியின் பயன் அவர்களை உரியவாறு எட்டவில்லை. பிறர்க்குத் தவறான துறை வாய்த்ததெனின், இவர்களுக்குத் துறை தெரியும் பருவமே வாய்க்கவில்லை.

இன்றும், ஏறத்தாழப் பதினாயிரம் அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிப்பவை சுமார் பத்திலொன்றே. ஆகவே, தொழிலற்ற பட்டதாரியை நோக்கி, "ஏன் இத்துறையைத் தெரிந்தாய்?" என வினவுதல் நீதியன்று. அவன் ஊர்ப் பாடசாலை அவனுக்கு எவற்றை அளித்தது என்பதே முதல் வினா. ஆசிரியரும் பழைய மாணவரும் அவ்வினாவுக்கு விடைகாண முயல்வாராயின், பல்லேபொலச் சிறுவனும் தோட்டத்துச் சிறுமியும் உண்மையாகவே தெரிவுசெய்யும் நாள் வரும்.