யாரு மொதல்ல எந்திரிக்கணும்? - டிரைவர்களின் வரிசைக் கதை

கீழ்பவானி வாய்க்கால் பாசனம் மொத்தம் 2.07 லட்சம் ஏக்கர். ஒரே நேரத்துல எல்லாத்துக்கும் தண்ணி கிடையாது. ஒரு போகத்துக்கு ஒரு பாதி, அடுத்த போகத்துக்கு மறுபாதின்னு முறை வச்சுத்தான் விடுவாங்க. சத்தியமங்கலம் பக்கத்து ஆளுங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லைங்க. லினக்ஸ் கெர்னலும் டிரைவர்களை எழுப்ப இதே மாதிரி முறை வச்ச கதைதான் இந்தப் பதிவு.

ஆரம்பத்துல, அதாவது 1990-கள்ல, எந்த டிரைவர் எப்போ எந்திரிக்கணும்னு கையாலயே வரிசையா எழுதி வச்சிருந்தாங்க. புதுசா ஒண்ணு சேர்த்தா அந்தப் பட்டியலையும் தொடணும். பட்டியல் வளர வளர தலைவலியும் வளர்ந்துச்சு. அப்புறம் 'இனிட்கால்' வந்தது. 2003 டிசம்பர்ல வெளியான 2.6-ல அதுக்குப் படிநிலைகள் இருந்துச்சு. கோர் முதல்ல, சப்சிஸ்டம் பிறகு, சாதாரண டிரைவர் அதுக்கும் பின்னாடி, லேட் கடைசி. ஒரே படியில இருக்கறவங்களுக்குள்ள யார் முந்தி? மேக்ஃபைல்ல யார் பேர் முன்னாடி இருக்கோ அவங்கதான்! சிரிக்காதீங்க, நெசந்தான் :-)

மேஜைக் கணினிக்கு இது போதுமா இருந்துச்சு. செல்போன், சின்ன போர்டுன்னு வந்ததும் சிக்கல். திரை எரிய மின்சாரச் சீராக்கி வேணும், சீராக்கியோட பேச ஐ-டூ-சி வேணும், அதுக்கு கிளாக் வேணும். ஒவ்வொரு போர்டுலயும் ஒவ்வொரு மாதிரி கோர்வை. பல பேர் தங்களோட டிரைவரை மேல் படிக்கு நகர்த்தி வேலையை முடிச்சாங்க. ஒருத்தருக்குச் சரியானது அடுத்தவருக்குக் கெட்டுச்சு.

2012-ல வெளியான 3.4-ல கிராண்ட் லைக்லி கொண்டு வந்த வழி ரொம்ப எளிமை. தேவையானவர் இன்னும் வரலையா? டிரைவர் 'ஈ-ப்ரோப்-டிஃபர்'னு சொல்லிட்டு (எண் 517) வெளிய வந்திடும். வேற ஏதாவது டிரைவர் ஒட்டிக்கிட்டதும் கெர்னல் இவரை மறுபடி கூப்பிடும். வரிசையை யாரும் எழுத வேண்டாம், தானா அமைஞ்சுக்கும்.

ஆனா ஒரு குறை. வரவே போகாத ஆளுக்காகக் காத்திருக்கறவரும் 'வர்றேன் வர்றேன்'னுதான் சொல்லிட்டு நிப்பார். பொட்டி சத்தமில்லாம கிளம்பிடும், திரை மட்டும் கறுப்பா இருக்கும். எர்ரர்னு ஒரு வரி கூட இருக்காது. இதைத் தேடி ராத்திரி முழுக்க உக்காந்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அப்போ ரெண்டு விஷயம் கை கொடுக்கும். கிளம்பும்போது 'இனிட்கால்_டீபக்' கொடுத்தா ஒவ்வொண்ணும் எப்போ ஓடுச்சு, எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு வரும். டீபக்எஃப்எஸ்-ல 'டிவைசஸ்_டிஃபர்டு' கோப்பைத் திறந்தா இன்னும் காத்திருக்கறவங்க பட்டியலே கிடைக்கும். என் அனுபவத்துல ரெண்டாவதை முதல்ல பாக்கறது உத்தமம்.

அடுத்த படிதான் 'எஃப்டபிள்யூ_டெவ்லிங்க்'. யாருக்கு யார் வேணும்கறது டிவைஸ் ட்ரீலயே எழுதியிருக்கே, அதை முன்கூட்டியே படிச்சுக்கலாமேங்கறது யோசனை. இதுக்காக அதிகம் உழைச்சவர் சரவண கண்ணன். பேரைப் பாத்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்! 2021-ல இது இயல்பாவே இயங்க ஆரம்பிச்சது. ஒருத்தருக்கொருத்தர் காத்திருக்கற வட்டம் வந்தா மட்டும் இன்னைக்கும் தனியா கவனிக்கணும்.

பட்டியல் எழுதினோம், படி கட்டினோம், கடைசியில அவங்கவங்க தேவையைக் கேட்டுக்கிட்டோம். முப்பது வருஷக் கதை இவ்வளவுதாங்க. 517 உங்க தூக்கத்தையும் கெடுத்திருந்தா பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க.