போர் தண்ணியும் பைக் சிக்லிட்டும்

கோட்டக்குப்பத்துல எங்க வீட்டு போர் தண்ணி லேசா உப்புக் கரிக்கும். அதை வைத்துக்கொண்டு நான் வளர்க்க ஆசைப்பட்டது குட்டை பைக் சிக்லிட். தென் அமெரிக்க ஆறுகளில், உப்பே இல்லாத மென்மையான நீரில் வாழும் மீன். விரல் நீளம்தான், ஆனால் வாயைப் பார்த்தாலே வேட்டைக்காரன் என்று தெரிந்துவிடும். பொந்துக்குள் முட்டையிடும். மழைநீர் பிடித்து, வாதாம் சருகு ஊறவைத்து, செடிகளுக்கு நடுவே பொந்து அமைத்து ஒரு ஜோடி விட்டேன். பங்குனியில் மழைநீர் தீர்ந்தது. போர் தண்ணியைக் கலந்தேன். நாலாம் நாள் பெண் மீன் செத்துப்போச்சு. தப்பு என்னுடையதுதான்.

அதற்கப்புறம்தான் இதன் பெயர்க் கதையைத் தேடினேன். குட்டை வகைகளில் ஒன்றுக்கு 1905இல் ரீகன் என்ற ஆய்வாளர் வாலஸின் பெயரை வைத்திருக்கிறார். ஆமாம், டார்வினோடு சேர்த்துச் சொல்வோமே, அதே ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1852இல் அமேசானிலிருந்து திரும்பும்போது அவர் கப்பல் தீப்பிடித்தது. சேகரிப்பு கடலோடு போயிற்று. ரியோ நீக்ரோ மீன்களை வரைந்த தாள்கள் தப்பின.

சிக்லிட் என்றாலே வெளிநாட்டு மீன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தியாவுக்கே உரியவை மூன்று இருக்கின்றன. கேரளத்தில் கொண்டாடும் கரிமீன் ஒன்று, கர்நாடகத்து ஆறுகளில் ஒன்று, மூன்றாவது நம் உப்பங்கழிகளில் கிடைக்கும் செல்லக்காசு. கடைக்காரர்கள் ஆரஞ்சு குரோமைடு என்பார்கள். இதற்கு 1795இல் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லின் மருத்துவர் ப்ளாக். வாலஸ் பிறக்கவே இன்னும் 28 வருஷம் இருந்தது! ப்ளாக்குக்கு இந்தக் கடற்கரை மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தவர், டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான்.

செல்லக்காசுக் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்று வளரும். சின்ன மீன்கள் கரிமீனின் உடம்பைச் சுத்தம் செய்வதையும் 1972இல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

போன மாதம் மரக்காணம் உப்பளம் தாண்டி, கழிமுகத்தில் வலை உதறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முக்கால்வாசி ஜிலேபி. அதுவும் சிக்லிட்தான், ஆப்பிரிக்காவுடையது. 1952இல் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. செல்லக்காசு ரெண்டே ரெண்டு. "இத யார் சார் வாங்குவா, எடுத்துட்டுப் போங்க" என்றார் வலைக்காரர்.

அவை இப்போது அதே போர் தண்ணியில், வாலிஸ்னேரியா செடிக்கு நடுவில் மேய்கின்றன. தனியாக மிஞ்சிய ஆண் பைக்குக்கு, வடிகட்டிய தண்ணியை வெளியில் வாங்கி ஊற்றுகிறேன். ஐப்பசி மழைக்காக மாடியில் ரெண்டு டிரம் கழுவி வைத்தாயிற்று.