"ஒண்ணுமே புரியலையே!" - அரூப ஓவியத்துக்குள் நுழைய ஓர் எளிய வழி

திண்டிவனத்தில் பஸ் ஏறி மரக்காணம் பக்கம் போயிருக்கீங்களா? வண்டி வேகம் பிடிச்சதும் மரம், வீடு, ஆள் எதுவும் தனித்தனியாத் தெரியாது. வயலின் பச்சை, செம்மண், கடைசியில் உப்பளத்தின் வெள்ளைனு நிறங்கள் மட்டும்தான் மனசுல தங்கும். அரூப ஓவியமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

கோட்டிலிருந்து வண்ணத்துக்கு

இதற்கு நம்ம ஊர் உதாரணம், ஓவியர் கே.எம்.ஆதிமூலம். துறையூர் அருகே கீரம்பூரில் 1938-ல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் பெரும் பெயர் வாங்கித் தந்தன. கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்குப் படம் வரைந்தவரும் இவரே.

கோட்டில் கில்லாடி எனப் பெயரெடுத்தவர், பிறகு உருவங்களை விட்டுவிட்டு வண்ணத்துக்குப் போனார். பொருள் இயற்கைதான். ஆனால், மரமோ மலையோ இருக்காது. தைல வண்ணத்தைக் கத்தியால் தடிமனாக இழுத்த பரப்புகள் இருக்கும். 2008-ல் மறைந்தார். "வரையத் தெரியாதவங்கதான் இப்படிக் கிறுக்குவாங்க" என்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

அடுக்கு எப்படி உருவாகிறது?

இந்த முறையில் வரையும் பலர் பென்சில் ஸ்கெட்ச் போடுவதில்லை. முதலில் ஒரு நிறம். அது எதைக் கேட்கிறதோ அதுதான் அடுத்த நிறம். ஈரம் காய்வதற்குள் சுரண்டினால் கீழே இருப்பது எட்டிப்பார்க்கும். காய்ந்தபின் மெல்லியதாகப் பூசினால் இரண்டும் கலந்து மூன்றாவது நிறம் போலத் தெரியும்.

அக்ரிலிக் சீக்கிரம் காயும். தைல வண்ணத்துக்கு நாள்கணக்கில் ஆகும். தைலத்தில் எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, கூடியது மேலே இருக்கணும். மாறினால் பின்னாளில் வெடிப்பு விழும். தைலத்தின் மேல் அக்ரிலிக் பூசாதீங்க, ஒட்டாது.

பக்கத்திலேயே பாடம்

விழுப்புரம் மாவட்டம் பனமலை தாளகிரீஸ்வரர் கோயில், பல்லவன் ராஜசிம்மன் கட்டியது. அங்கே எஞ்சியிருக்கும் தேவி ஓவியத்தைப் பாருங்க. நிறம் உதிர்ந்த இடங்களில் அடியில் பூசிய சுண்ணாம்புச் சாந்து தெரியும். 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கு அது!

நீங்களும் செய்யலாம்

ஸ்கூலில் பார்த்து அப்படியே வரைந்தால்தான் மார்க். அதனாலேயே 'கெட்டுப்போயிடுமோ' என்ற பயம் நமக்குள் ஒட்டிக்கொண்டது. இங்கே கெட்டுப்போன இடம் அடுத்த அடுக்குக்கு அடித்தளம், அவ்வளவுதான்.

ஒரு பழைய அட்டை, மூன்று அக்ரிலிக் நிறங்கள், காலாவதியான ஏ.டி.எம் கார்டு போதும். பூசுங்க, காயவிடுங்க, மறுபடி பூசிச் சுரண்டுங்க. எல்லாம் சேறு நிறமாக மாறத் தொடங்கினால் கையை எடுத்துடுங்க. ஒவ்வொரு அடுக்குக்கும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைங்க. எங்கே நிறுத்தியிருக்கணும்னு அதுவே சொல்லித்தரும்.